ஈறு தெரியும் சிரிப்பு: சிகிச்சைக்கு முன் அளவுகோல்

சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பலருக்குப் பல்லில் குறையே இருக்காது. ஈறுதான் கூடுதலாகத் தெரியும். ஓரிரு மில்லிமீட்டர் தெரிவது இயல்பு. 3, 4 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் பல் மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். வயது ஏற ஏற மேலுதடு தளர்ந்து இறங்குவதால் அது குறையவும் செய்யும். உறுத்தாதவர்கள் அப்படியே விட்டுவிடலாம்.

சரிசெய்ய நினைப்பவர்கள் காரணத்தைக் கண்டுகொள்ள வேண்டும். கண்ணாடி முன் நின்று, உதட்டைத் தளர விட்டு, மூக்கின் அடியிலிருந்து மேலுதட்டு விளிம்புவரை அளக்கலாம். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 20 முதல் 24 மில்லிமீட்டர் இருக்கும். குறைந்தால் உதடு குட்டை. அடுத்து, சிரிக்கும்போது உதடு எவ்வளவு மேலேறுகிறது என்று பார்க்க வேண்டும். 6 முதல் 8 மில்லிமீட்டர் வழக்கம். அதற்கு மேல் போனால் உதட்டைத் தூக்கும் தசைகளின் வேகமே காரணம்.

பிறகு மேல் முன்பல். அதன் நீளம் பொதுவாக 10, 11 மில்லிமீட்டர். தேயாத பல் குட்டையாக, சதுரமாகத் தெரிந்தால் ஈறு அதை மூடியிருக்கிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மேல்தாடை எலும்பே நீண்டு வளர்ந்திருக்கலாம்; அதைப் பக்கவாட்டு எக்ஸ்ரே சொல்லிவிடும்.

மாத்திரைப் பட்டியலையும் மறக்கக் கூடாது. வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்கான சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். தாமாக நிறுத்துவது ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மாற்று கேட்க வேண்டும். பல்லில் படியும் காரையைச் சுத்தம் செய்தாலே வீக்கம் கொஞ்சம் வடியும்.

ஈறு பல்லை மூடியிருந்தால் அதைச் செதுக்கி எடுப்பார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். ஈறின் விளிம்புக்கும் அடியிலுள்ள எலும்புக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடம் வேண்டும். அது இல்லாதவருக்கு லேசரால் ஈறை மட்டும் வெட்டினால் சில மாதங்களில் பழையபடி வளர்ந்துவிடும். எலும்பையும் சீராக்க வேண்டும். பதின்ம வயதினருக்கு ஈறு இன்னும் தானாக ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் அவசரப்படக் கூடாது.

துள்ளும் உதட்டுக்கு போடாக்ஸ் ஊசி உண்டு. 3 முதல் 6 மாதம்வரை பலன் தரும். உதட்டின் உட்புறத் தோலை எடுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள், சிலருக்கு அது மீண்டும் தளர்ந்துவிடுகிறது. பற்கள் மட்டும் கீழிறங்கியிருந்தால் கம்பியும் சிறு திருகாணிகளும் போட்டு மேலே ஏற்றலாம். தாடை எலும்பே நீளமென்றால் மேல்தாடையை வெட்டி மேலே ஏற்றும் லெ ஃபோர்ட் அறுவை சிகிச்சை. மயக்க மருந்து, மருத்துவமனை வாசம், பல வார ஓய்வு எல்லாம் அதில் அடக்கம்.

எலும்பின் அளவைப் பார்க்காமல் முதல் சந்திப்பிலேயே வெட்ட நாள் குறிக்கும் இடத்தைவிட்டு, ஈறு சிறப்பு மருத்துவர் இன்னொருவரிடம் காட்டுவது நல்லது. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு சிகிச்சைக்கெனத் தனித்துறை இருக்கிறது.