கைப்பேசியில் ஒரு சாவி

சென்ற ஆண்டு என் தங்கை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள். மாலை ஆறு மணியிலிருந்தே அவள் கைப்பேசியோடு போராடிக்கொண்டிருந்தாள். விண்ணப்பத் தளம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றும். பின்னர் ‘உமக்கு அனுமதி இல்லை’ என்னும் பொருளில் ஓர் ஆங்கில வாசகம் தோன்றும். ஆனால் யூடியூப் ஓடியது. வாட்ஸ்அப் செய்திகள் வந்தன. “டவர் கிடைக்கலபோல, மாடிக்குப் போய்ப் பாரும்மா” என்றார் அப்பா. மாடியிலும் அதே வட்டம். கடைத்தெருவிலுள்ள பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், பூட்டியாகிவிட்டது. இரவு பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது. போனால் ஓராண்டுப் பணம் போய்விடும். எங்கள் வீட்டில் இதைப் பற்றிக் கேட்டறிய என்னைத் தவிர வேறு ஆள் இல்லை; எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

மணி பதினொன்றை நெருங்கும் வேளையில்தான் என் கண்ணில் அது பட்டது. கைப்பேசியின் மேல்விளிம்பில், நேரம் காட்டும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, எறும்பளவில் ஒரு சாவிப் படம். அந்தச் சாவியை அங்கே வைத்தவன் நானேதான்! பிளஸ் டூ முடித்த விடுமுறையில், தடைசெய்யப்பட்ட ஒரு விளையாட்டை ஆடும் ஆசையில், நண்பன் சொன்னான் என்று இலவச வி.பி.என். செயலி ஒன்றை இறக்கி, அது இடையில் அறுந்துவிடாதபடி ‘ஆல்வேஸ் ஆன்’ என்னும் பொத்தானையும் தட்டிவைத்திருந்தேன். விளையாட்டு நாலைந்து நாளில் சலித்துவிட்டது. கைப்பேசி தங்கையின் கைக்குப் போயிற்று. சாவி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

வி.பி.என். என்பது யாது? அதை ஏன், எப்படி அணைக்க வேண்டும்? அன்றிரவுக்குப் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும், நம் வகுப்பு நண்பர்கள் சிலரின் கைப்பேசிகளில் செய்து பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் வழியாக ஒரு கடிதம்

‘விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்’ என்பதன் சுருக்கமே வி.பி.என். தமிழில் ‘மெய்நிகர் தனியார் வலையமைப்பு’ என்பர். பெயரைவிடச் செயல் எளிது. கறம்பக்குடியில் இருக்கும் ஒருவர் புதுக்கோட்டையிலுள்ள ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறார் என்று கொள்வோம். நேரே தபால்பெட்டியில் போட்டால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ போய்ச் சேரும். உறையின்மேல் கறம்பக்குடி முத்திரை இருக்கும். அப்படிச் செய்யாமல், அக்கடிதத்தை மற்றோர் உறைக்குள் வைத்து ஒட்டி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம் மாமாவுக்கு அனுப்புகிறார். மாமா வெளியுறையைப் பிரித்து, உள்ளிருக்கும் கடிதத்தை அங்கிருந்து புதுக்கோட்டைக்கு அனுப்புகிறார். அலுவலகத்தார் பார்ப்பது சிங்கப்பூர் முத்திரையை. பதிலும் மாமாவுக்கே போய், அவர் வழியாகவே கறம்பக்குடிக்குத் திரும்பும்.

இங்கே முத்திரை என்றது ஐ.பி. முகவரியை. இணையத்தில் நாம் செல்லும் ஒவ்வொரு தளத்துக்கும் அம்முகவரி தெரியும். நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை அதைக் கொண்டே தளங்கள் கணிக்கின்றன. வெளியுறை என்றது மறைகுறியாக்கத்தை. வழியில் கையாளும் தபால்காரருக்கு, அதாவது நமக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு, மாமாவுக்கு ஏதோ போகிறது என்பது தெரியுமேயொழிய, உள்ளே யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

அரசுத் தளங்கள் சில, வெளிநாட்டு முத்திரையோடு வருவனவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. வெளிநாடுகளிலிருந்து வரும் தாக்குதல்களைக் குறைக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. வங்கிச் செயலிகளும் அவ்வாறே ஐயுறுவதுண்டு. என் தங்கை கறம்பக்குடியில் உட்கார்ந்துகொண்டு அனுப்பிய விண்ணப்பம் அந்தத் தளத்துக்கு வேறொரு நாட்டிலிருந்து வந்ததாகத் தெரிந்திருக்கிறது. ஓராண்டாக அக்கைப்பேசி மெதுவாக இருந்ததற்கும், நாங்கள் பாவம் டவரைத் திட்டிக்கொண்டிருந்ததற்கும் காரணம் இதுவே. கடிதம் கடல் தாண்டிப் போய்த் திரும்பினால் நேரமாகாதா?

இந்த உத்தி விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. 1996-ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் குர்தீப் சிங் பால் முதலியோர் பி.பி.டி.பி. என்னும் நெறிமுறையை வகுத்தனர். அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஊழியர் அலுவலகக் கணிப்பொறிகளைப் பாதுகாப்பாக அணுகவே அது வந்தது. 2001-இல் ஜேம்ஸ் யோனன் ‘ஓப்பன் வி.பி.என்.’ என்பதை வெளியிட்டார். ஜேசன் டோனென்ஃபெல்ட் ஆக்கிய ‘வயர்கார்டு’ 2020 மார்ச்சில் லினக்ஸின் மையக்கருவிலேயே இடம்பெற்றது. அதே மாதம் நாடெங்கும் ஊரடங்கு வந்து, ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தபோது வி.பி.என்.னின் உண்மையான பயன் எல்லோருக்கும் தெரிந்தது.

நம் வயதினருக்கு அது அறிமுகமான கதை வேறு. 2019 ஏப்ரல் 3 அன்று, நம் மாவட்டமும் அடங்கிய சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் செயலியைத் தரவிறக்கத் தடை விதிக்குமாறு ஆணையிட்டது. அம்மாதம் 24-ஆம் தேதி தடை விலக்கப்பட்டது. பின்பு 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளையும், செப்டம்பர் 2 அன்று பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளையும் மத்திய அரசு தடைசெய்தது. அவ்வாண்டில்தான் இணைய வகுப்புக்காக நம்மில் பலர் கைகளுக்கு முதன்முதலாகக் கைப்பேசி வந்தது. பாடம் படிக்க வந்த கைப்பேசியில் தடையைத் தாண்டும் வழியையும் சேர்த்தே படித்துக்கொண்டோம்.

மாமா யார்?

கடிதக் கதையில் ஒரு முக்கியமான இடத்தைக் கவனிக்க வேண்டும். தபால்காரரிடமிருந்து மறைத்தோம், சரி. ஆனால் எல்லாக் கடிதங்களும் மாமாவின் கையில் அல்லவா பிரிகின்றன? உள்ளுறை ஒட்டியிருந்தால் (இன்று பெரும்பாலான தளங்கள் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ முறையில் அதை ஒட்டியே அனுப்புகின்றன) உள்ளடக்கம் அவருக்குத் தெரியாது. எனினும் நாம் யார் யாருக்கு, எந்நேரத்தில், எத்தனை முறை எழுதுகிறோம் என்பது அத்தனையும் அவருக்குத் தெரியும். சொந்த மாமாவென்றால் பரவாயில்லை. முகந்தெரியாத ஒருவர், காசு வாங்காமல், உலகிலுள்ள எல்லோர் கடிதத்தையும் நான் சேர்த்துத் தருகிறேன் என்றால் அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தாரும் 2016-இல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 38 விழுக்காட்டில் தீநிரலின் அறிகுறிகள் இருந்தன. 18 விழுக்காடு மறைகுறியாக்கமே செய்யவில்லை. அதாவது வெளியுறையே இல்லாமல் கடிதத்தை அனுப்பியிருக்கின்றன! ‘ஒனாவோ’ என்ற செயலியை 2013-இல் ஃபேஸ்புக் நிறுவனம் வாங்கியது. பாதுகாப்புத் தருவதாகச் சொல்லி வழங்கப்பட்ட அச்செயலி, மக்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகின்றனர் என்ற விவரத்தைத் திரட்டிக்கொண்டது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக அந்நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இதைவிட அச்சமூட்டுவது 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை வெளிப்படுத்திய ‘911 எஸ்5’ வழக்கு. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என்., ஷைன் வி.பி.என். முதலிய இலவச நிரல்களை நிறுவியவர்களின் கணிப்பொறிகள் அவர்களுக்கே தெரியாமல் பிறருக்கு வாடகைக்கு விடப்பட்டன. ஒரு கோடியே 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அவ்வலையில் இருந்தன. எங்கோ ஒருவன் செய்யும் மோசடிக்கு நம் வீட்டு முத்திரை குத்தப்படுகிறது என்பதே இதன் பொருள். இவ்வகை நிரல்களை அணைத்தால் மட்டும் போதாது. அடியோடு நீக்க வேண்டும்.

நம் நாட்டில் வி.பி.என். பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமன்று. 2022 ஏப்ரல் 28 அன்று ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அரசு அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. விவரங்களை 5 ஆண்டுக்காலம் வைத்திருக்க வேண்டுமெனப் பணித்தது. அதை ஏற்காத எக்ஸ்பிரஸ் வி.பி.என். அவ்வாண்டு ஜூனில் தன் இந்தியச் சேவைக்கணினிகளை எடுத்துவிட்டது. அதன் பின்னர் அதில் ‘இந்தியா’ என்று தேர்ந்தாலும் அக்கணினி இருப்பது சிங்கப்பூரிலோ இங்கிலாந்திலோதான். நான் சும்மா சொன்ன சிங்கப்பூர் மாமா உண்மையாகவே அங்கே இருக்கிறார்!

அணைக்கும் முறை

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மேலே சாவிப் படம் தெரிந்தால் வி.பி.என். ஓடுகிறது என்று பொருள். செயலியைத் திறந்து ‘டிஸ்கனெக்ட்’ என்பதைத் தொடுவது முதற்படி. பலர் இதோடு நிறுத்திவிடுகின்றனர்; அல்லது சமீபத்திய செயலிகளின் பட்டியலிலிருந்து அதைத் தள்ளிவிட்டு முடிந்ததென நினைக்கின்றனர். தள்ளிவிடுவதால் இணைப்பு அறுவதில்லை. ஆகவே ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் சென்று, மேலே உள்ள தேடற்கட்டத்தில் வி.பி.என். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இடுக. ஒவ்வொரு நிறுவனத்தின் கைப்பேசியிலும் இது வேறு வேறு இடத்தில் ஒளிந்திருப்பதால் தேடுவதே சுலபம். பொதுவாக ‘நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்’ என்பதன் கீழும், சாம்சங்கில் ‘கனெக்‌ஷன்ஸ்’, ‘மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்’ என்பவற்றின் கீழும் இருக்கும்.

அங்கே செயலியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பற்சக்கரப் படம் காணப்படும். அதைத் தொட்டால் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று ‘ஆல்வேஸ்-ஆன் வி.பி.என்.’ இது ஓடும்வரை நாம் எத்தனை முறை அணைத்தாலும் கைப்பேசி தானே மீண்டும் இணைத்துக்கொள்ளும். மற்றொன்று ‘பிளாக் கனெக்‌ஷன்ஸ் விதவுட் வி.பி.என்.’ மாமாவுக்கு அனுப்ப முடியாவிட்டால் கடிதமே எழுதாதே என்று வீட்டாருக்கு இடும் கட்டளை போன்றது இது. இது ஓடும்போது செயலியை மட்டும் நிறுத்துபவர்கள், ‘வி.பி.என்.னை நிறுத்தினேன், நெட்டே போய்விட்டது’ என்று பதறி மறுபடியும் அதையே போட்டுவிடுகின்றனர். இரண்டையும் அணைத்து, அதே பக்கத்திலுள்ள ‘ஃபர்கெட்’ என்பதைத் தொட்டுவிட்டால் அனுமதியும் நீங்கும். அதன்பின் செயலியை நீக்கிவிடலாம்.

ஐபோனில் சாவிக்குப் பதிலாக வி.பி.என். என்ற எழுத்துகளே தெரியும். ‘செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’, ‘வி.பி.என். அண்டு டிவைஸ் மேனேஜ்மென்ட்’ என்று செல்லுக. இணைப்பை அணைத்தும் தானே திரும்ப வந்தால், பெயரருகில் வட்டத்துக்குள் இருக்கும் ‘ஐ’ எழுத்தைத் தொட்டு ‘கனெக்ட் ஆன் டிமாண்ட்’ என்பதை நிறுத்த வேண்டும்.

விண்டோஸ் கணிப்பொறியில் ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்’, ‘வி.பி.என்.’ என்ற வரிசையில் சென்றால் ‘டிஸ்கனெக்ட்’ இருக்கும். தனிச் செயலியாக நிறுவியவை சில இங்கே தென்படா. திரையின் வலது கீழ்மூலையில், கடிகாரத்தின் அருகே அவற்றின் படம் இருக்கும். அதன்மேல் வலப்பொத்தானை அழுத்தி ‘எக்ஸிட்’ கொடுக்கலாம். கணிப்பொறியைத் திறந்தவுடன் தானே ஓடினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்பதன் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் தடுக்க வேண்டும். அணைத்த பிறகும் தளங்கள் திறக்காவிடில், அதே நெட்வொர்க் பக்கத்தில் ‘பிராக்ஸி’ என்பதைப் பார்க்க. சில நிரல்கள் போகும்போது அதைத் திருகிவிட்டுப் போகின்றன. புதிய மேக் கணிப்பொறியில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ பக்கத்திலும், லினக்ஸில் வலது மேல்மூலையிலுள்ள இணைப்புப் பட்டியலிலும் இது கிடைக்கும். உலாவியில் ‘எக்ஸ்டென்ஷன்’ ஆகச் சேர்த்த வி.பி.என். மேற்சொன்ன எதிலும் தெரியாது. அதனை உலாவிக்குள்ளேயே தேடி நீக்க வேண்டும்.

அணைந்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அணைக்குமுன் கூகுளில் ‘வாட் இஸ் மை ஐ.பி.’ என்று தேடி எண்ணைக் குறித்துக்கொள்க; அணைத்தபின் மறுபடியும் பார்க்க. எண் மாறியிருந்தால் மாமா விலகிவிட்டார். மாறாவிட்டால் ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டெடுத்து மீண்டும் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அண்ணன் அல்லது அக்கா அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் உள்ள வி.பி.என்.னைக் கைவைக்காதீர்கள். அது அலுவலகம் வைத்த பூட்டு. அவர்களைக் கேட்காமல் தொட்டால் வேலைக்கே இடைஞ்சல் வரும்.

அன்றிரவு மேற்சொன்ன படிகளில் பாதிகூட எனக்குத் தெரியாது. ‘டிஸ்கனெக்ட்’ தட்டினேன், சாவி திரும்ப வந்தது. மறுபடியும் தட்டினேன், மறுபடியும் வந்தது. கடைசியில் பயத்தோடு செயலியையே நீக்கினேன். சாவி மறைந்தது. வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி விண்ணப்பப் பக்கம் திறந்தபோது மணி 11.20. தங்கை ஆதார் எண்ணைப் படிக்கப் படிக்க நான் அடித்தேன். ஒப்புகைச் சீட்டு வந்தபோது 11.52. “என்னண்ணே பண்ணின?” என்று கேட்டாள். டவர் வந்துவிட்டது என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். உண்மையை அவள் இந்த மலரில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.