தீபாவளி போனஸ்: கணக்கில் எப்படி எழுதுவது, வரி எவ்வளவு பிடிப்பது

போனஸுக்கென்று இந்தியாவில் தனி வரி விகிதம் கிடையாது. இணையத்தில் தேடினால் 22 விழுக்காடு என்று ஒரு கணக்கு கண்ணில் படும். அது அமெரிக்காவில் பிடிக்கும் முறை, நமக்குச் சம்பந்தமில்லை. நம் வருமான வரிச் சட்டத்துக்குப் போனஸும் சம்பளம்தான். கவரில் போட்டுக் கொடுத்தாலும் வங்கியில் போட்டாலும், ‘கருணைத் தொகை’ என்று எழுதினாலும் ‘இன்சென்டிவ்’ என்று எழுதினாலும், அந்த ஆண்டுச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் சிறு நிறுவனங்கள் பலவற்றில் அதைச் சம்பளப் பட்டியலில் ஏற்றாமல், டேலியில் ‘தீபாவளிச் செலவு’ என்ற தலைப்பில் பட்டாசோடும் இனிப்புப் பெட்டியோடும் எழுதி வைத்துவிடுகிறார்கள். குளறுபடி அங்கேதான் தொடங்குகிறது.

சம்பளக் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் முதலாளிகளையும், அவர்களிடம் வேலை பார்க்கும் அக்கவுன்டன்ட்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய போனஸுக்குப் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். சம்பளமாகவே பார்க்கும் அடிப்படை மாறவில்லை.

முதலில், யாருக்கு, எவ்வளவு

போனஸ் சட்டம் 1965 தொழிற்சாலைகளுக்கும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மற்ற நிறுவனங்களுக்கும் பொருந்தியது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாமல், கணக்காண்டில் குறைந்தது 30 நாள் வேலை பார்த்திருந்தால் போனஸ் உண்டு. இந்த 21,000 என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே. வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்த மொத்தச் சம்பளத்தை ஒப்பிட்டு ‘இவருக்குக் கிடையாது’ என்று ஒதுக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. விகிதம் குறைந்தது 8.33, அதிகபட்சம் 20 விழுக்காடு. கணக்கிடும்போது மாதம் 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அதுதான் உச்சவரம்பு. வெறும் 7,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 84,000. அதில் 20 விழுக்காடு 16,800. அரசுப் போக்குவரத்துக் கழக போனஸ் செய்திகளில் வருடா வருடம் நாம் படிக்கும் 16,800 இப்படி வந்ததுதான்.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 வந்திருக்கிறது. 8.33, 20 ஆகிய விகிதங்கள் அப்படியே இருக்கின்றன. சம்பள வரம்பையும் கணக்கிடும் உச்சவரம்பையும் அரசு அறிவிக்கும் தொகைக்கு விட்டிருக்கிறார்கள். அடுத்த போனஸ் போடும் முன் அந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கட்டாயப்படுத்தாமல் நீங்களாகக் கொடுக்கும் தொகையைப் பட்டியலில் தனிப் பத்தியில் காட்டுவது நல்லது. தொழிலாளர் துறை ஆய்வாளர் வரும்போது எது சட்டப்படியான போனஸ், எது கருணைத் தொகை என்று பிரித்துக் காட்ட அது உதவும். வருமான வரிக்கு இரண்டும் ஒன்றே.

அடுத்து, எந்தத் தேதியில்

கணக்காண்டு முடிந்து 8 மாதத்துக்குள் போனஸ் கொடுக்க வேண்டும். மார்ச் 31-இல் கணக்கு முடிப்பவர்களுக்கு அது நவம்பர் 30. ஆனால் இன்னொரு தேதியும் இருக்கிறது. போனஸைச் செலவாகக் காட்டி உங்கள் லாபத்திலிருந்து கழிக்க வேண்டுமானால், உங்கள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணம் கைமாறியிருக்க வேண்டும். தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு வழக்கமாக அந்தக் கெடு அக்டோபர் 31. மார்ச் மாதமே ஒதுக்கீடு எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதியே வந்ததால் யாருக்கும் சிக்கல் வரவில்லை. 2026-இல் நவம்பர் 8. பண்டிகைக்கு முந்தின நாள்தான் கொடுப்போம் என்று காத்திருந்தால், தொழிலாளர் சட்டப்படி சரியாக இருப்பீர்கள், வருமான வரியில் அந்தக் கழிவு ஓராண்டு தள்ளிப்போகும். அக்டோபர் சம்பளத்தோடு போட்டுவிடுங்கள்.

வரி பிடிக்கும் கணக்கு

நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை இதுதான். சம்பளத்துக்கு வரி பிடிப்பது 192-ஆம் பிரிவின் கீழ். ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை மதிப்பிட்டு, அதற்கான வரியைக் கண்டு, மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்க வேண்டும். ஆகவே போனஸ் தொகையை மட்டும் எடுத்து ‘10 விழுக்காடு பிடித்துவிடு’ என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. போனஸ் முடிவான அன்றே ஆண்டுக் கணக்கை முதலிலிருந்து மறுபடி போட வேண்டும்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் ஒருவர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,05,000, ஆண்டுக்கு 12,60,000. புதிய வரிமுறையில் 75,000 நிலைக் கழிவு போக 11,85,000. 12 லட்சம் வரை 87ஏ பிரிவின் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீங்களும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை.

அக்டோபரில் அவருக்கு 90,000 ரூபாய் போனஸ். இப்போது ஆண்டு வருமானம் 13,50,000. கழிவு போக 12,75,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 வரை 5 விழுக்காடு, 20,000. 8 முதல் 12 வரை 10 விழுக்காடு, 40,000. மிச்சம் 75,000-க்கு 15 விழுக்காடு, 11,250. கூட்டினால் 71,250. செஸ் 4 விழுக்காடு 2,850. மொத்தம் 74,100 ரூபாய்.

போனஸ் 90,000, அதனால் வந்த வரி 74,100. “அண்ணே, போன மாசம் வரைக்கும் வரியே பிடிக்கலையே?” என்று அவர் அக்கவுன்டன்ட்டிடம் வந்து நிற்பார். கணக்குத் தப்பில்லை. 12 லட்சத்தைத் தாண்டியதும் 60,000 ரூபாய் தள்ளுபடி மொத்தமாகப் போய்விட்டது, அதுதான் விஷயம்.

அவருக்குப் போனஸ் 60,000 மட்டுமே என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. வரிக்குரிய வருமானம் 12,45,000, வாய்பாட்டின்படி வரி 66,750. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் உள்ள தொகையை விட வரி கூடக்கூடாது என்று ஒரு விளிம்புச் சலுகை இருக்கிறது. அதனால் வரி 45,000, செஸ்ஸோடு 46,800. எக்செல் தாளில் கணக்குப் போடுபவர்கள் இந்தச் சலுகையை விட்டுவிட்டுக் கூடுதலாகப் பிடித்துவிடுவதுண்டு. 12 லட்சத்தை ஒட்டி நிற்கும் ஊழியர்களை மட்டுமாவது கையால் ஒருமுறை சரிபாருங்கள்.

74,100-ஐ எப்போது பிடிப்பது? முன்பு குறைவாகப் பிடித்ததை அதே ஆண்டின் மற்ற மாதங்களில் சரிக்கட்டிக்கொள்ள 192(3) இடம் கொடுக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை 6 மாதம், மாதம் 12,350. பண்டிகை மாதத்தில் போனஸ் முழுதாகக் கைக்குப் போவதுபோல் தெரிவதால் ஊழியர்களும் இதையே விரும்புவார்கள். ஒரே ஆபத்து, அவர் டிசம்பரில் வேலையை விட்டால் மீதியைப் பிடிக்கச் சம்பளம் இருக்காது. ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு மட்டும் போனஸிலேயே மொத்தமாகப் பிடித்துவிடுங்கள்.

இதற்கு ஏப்ரலிலேயே ஒரு வழி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் 14 விழுக்காடு வரை நிறுவனம் என்பிஎஸ் கணக்கில் செலுத்தினால் புதிய வரிமுறையிலும் அதற்குக் கழிவு உண்டு. மேலே சொன்னவரின் அடிப்படை 52,500 என்றால் மாதம் 7,350, ஆண்டுக்கு 88,200. அவருடைய மொத்தச் சம்பளத்துக்குள்ளேயே இதைப் பிரித்து வைத்திருந்தால் 90,000 போனஸுக்குப் பிறகும் வரிக்குரிய வருமானம் 11,86,800-இல் நின்றிருக்கும், வரி பூஜ்யம். பணம் ஓய்வுக்காலம் வரை முடங்கும் என்பதால் எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்டுவைப்பது உங்கள் கடமை என்றே நினைக்கிறேன்.

ஊழியர் எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டால் புதிய வரிமுறைதான். பழைய முறை வேண்டுவோரிடம் எழுத்தில் வாங்கி, படிவம் 12பிபி-யில் சேமிப்பு விவரங்களையும் வாங்குங்கள். இந்த ஆண்டு நடுவில் சேர்ந்தவரிடம் பழைய நிறுவனத்தின் சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் கேளுங்கள். வரி விழும் வருமானம் இருந்தும் பான் எண் தராதவருக்கு 20 விழுக்காடு அல்லது சராசரி விகிதம், எது அதிகமோ அது.

கவர், அட்வான்ஸ், பரிசு

ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. போனஸ் கவருக்கும் இது பொருந்தும். கையில் கொடுத்தால்தான் முதலாளிக்கு மரியாதை என்று நினைப்பவர்கள் கவருக்குள் வாழ்த்து அட்டையும் சம்பளச் சீட்டும் வைத்துக் கொடுக்கலாம், பணம் வங்கியில் போகட்டும்.

ஆகஸ்டில் 10,000 அட்வான்ஸ் வாங்கியவருக்குப் போனஸ் 25,000 என்றால், 15,000 கொடுத்ததாக மட்டும் எழுதாதீர்கள். வரவில் 25,000 முழுதும், பிடித்தத்தில் அட்வான்ஸ் 10,000. வரிக் கணக்குக்குப் போவது 25,000.

பொருளாகக் கொடுக்கும் பரிசு, ஆண்டு முழுவதும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் இருந்தால் ஊழியருக்கு வரி இல்லை. இனிப்புப் பெட்டி, வேட்டி சேலை, குத்துவிளக்கு எல்லாம் இதில் அடங்கும். அதே 5,000-ஐப் பணமாகக் கொடுத்தால் சம்பளம்.

போனஸுக்குப் பிஎஃப் பிடிக்க வேண்டாம். ஆண்டுக்கொருமுறை தரும் போனஸ், 2025 வரை நடைமுறையில் இருந்த இஎஸ்ஐ சட்டத்தின் ஊதியத்திலும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் தரும் தொகையை அந்தச் சட்டம் விலக்கி வைத்திருந்தது. மாதாமாதம் தரும் உற்பத்தி ஊக்கத்தொகையை ‘போனஸ்’ என்று பெயர் மாற்றி இஎஸ்ஐ-யிலிருந்து தப்பலாம் என்ற யோசனை மட்டும் எடுபடாது.

கட்டுவதும் காட்டுவதும்

அக்டோபரில் பிடித்த வரியை நவம்பர் 7-ஆம் தேதிக்குள் சலான் 281-இல் கட்ட வேண்டும். தனியார் நிறுவனச் சம்பளத்துக்கான குறியீடு 92பி. மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி, மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. பிடிக்காமலே விட்டால் 1 விழுக்காடு. அந்த வட்டியை ஊழியர் தலையில் கட்ட முடியாது, உங்கள் கைப்பணம்தான்.

தீபாவளி போனஸ் மூன்றாம் காலாண்டில் வரும். அதற்கான 24கியூ அறிக்கையை ஜனவரி 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். போனஸைத் தனியாகக் காட்ட அதில் கட்டம் எதுவும் இல்லை. அந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். மே 31-க்குள் போகும் நான்காம் காலாண்டு அறிக்கையின் இரண்டாம் இணைப்பில் ஒவ்வொருவரின் ஆண்டு மொத்தச் சம்பளம் வரும். அங்கே போனஸ் சேர்ந்திருக்கிறதா என்று, சம்பளப் பதிவேட்டையும் டேலியில் உள்ள போனஸ் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அந்த இணைப்பிலிருந்துதான் படிவம் 16 உருவாகிறது. ட்ரேசஸ் தளத்திலிருந்து அதை இறக்கி ஜூன் 15-க்குள் ஊழியர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பலர் மறப்பது விலகிப் போனவர்களை. 2024-25 முழுதும் உங்களிடம் வேலை பார்த்து 2025 ஜூலையில் நின்றுவிட்டவருக்கும் அந்த ஆண்டின் போனஸ் உண்டு. அக்டோபரில் அவருக்குக் கொடுத்தால், ஏப்ரல் முதல் ஜூலை வரை நீங்கள் கொடுத்த சம்பளத்தோடு சேர்த்து வரி பார்த்து, மூன்றாம் காலாண்டு 24கியூ-வில் அவர் பெயரையும் மறுபடி ஏற்ற வேண்டும். விலகும் நாளிலேயே பான் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் மூன்றையும் எழுதி வாங்கி வைத்தால் அக்டோபரில் அவரைத் தேடி அலைய வேண்டியிராது. அவர் இப்போது வேறு நிறுவனத்தில் இருந்தால், இந்தத் தொகையை அங்கே தெரிவிக்கும்படி ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுங்கள்.