தேனீக்கு வரப்பு இல்லை

உங்கள் வீட்டுப் பூசணிக்கொடியைச் சற்றுக் கவனியுங்கள். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்குத் தேனீ கொண்டுபோகாவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். ஆகையால் தேனுக்கு மட்டுமல்ல, காய்கறிக்கும் நமக்குத் தேனீ வேண்டும்.

அந்தத் தேனீக்கு நாமே விஷம் வைப்பதுண்டு. 2008-ம் வருஷம் வசந்த காலத்தில் ஜெர்மனி தேசத்து ரைன் நதிப் பள்ளத்தாக்கில் நடந்ததைக் கேளுங்கள். மக்காச்சோள விதையின்மேல் குளோதியனிடின் என்னும் பூச்சிமருந்தைப் பூசி விதைத்தார்கள். பூச்சு சரியாக ஒட்டவில்லை. காற்றின் விசையால் விதையிடும் யந்திரம் மருந்துத் தூளை வெளியே ஊத, அது சுற்றிலும் பூத்திருந்த செடிகளில் படிந்தது. 11,000-க்கும் அதிகமான தேனீக் கூட்டங்கள் கேடடைந்தன.

ஒருவர் மட்டும் கவனமாயிருந்தால் போதுமா? போதாது. தேனீக்கு வரப்பு ஏது? ஆகவே சட்டம் அவசியமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகை மருந்துகள் மூன்றுக்கு 2013-ல் கட்டுப்பாடு விதித்தது. 2018-ல் அவற்றைத் திறந்த வயல்களில் தடைசெய்தது.

ஆனால் சட்டம் வயலுக்கு வந்து காவல் நிற்காது. பூத்திருக்கும் பயிருக்கு மருந்து அடிக்காதிருங்கள். அடித்தே தீரவேண்டுமானால், தேனீ கூடு திரும்பிய அந்திவேளையில், காற்று அடங்கியபின் அடியுங்கள். பக்கத்தில் தேனீப்பெட்டி வைத்திருப்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் வயலில் பிழைக்கும் தேனீதான் அயலார் கொடியிலும் காய் பிடிக்கச் செய்கிறது.