ஒற்றை மேற்கோளும் இரட்டை மேற்கோளும்



கணினியில் உரையைத் திருத்த உதவும் கருவிகளுள் 'விம்' ஒன்று. பிராம் மூலனார் அதனை 1991-இல் வெளியிட்டார். அதற்கெனத் தனியொரு கட்டளை மொழி உண்டு. அம்மொழியில் புதிதாகப் புகுவோரை இடறச் செய்வது மேற்கோள் குறியே. அதன் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

சைனிக்புரியில் நம் மாணவர் சிலர் ஒரே வீட்டில் தங்கிப் பொதுக் கணக்கு எழுதி வருகின்றனர் என்று கொள்வோம். தேநீருக்கு ரூ. 12.50, வாடகைக்கு ரூ. 12750. தேநீர் விலை 15.00 ஆக உயர்கிறது. கணக்கேட்டில் 12.50 வருமிடமெல்லாம் 15.00 என்று மாற்ற வேண்டும்.

தேடற் கோவையில் புள்ளி என்பது வெறும் புள்ளியன்று. 'ஏதேனும் ஓர் எழுத்து' என்பதே அதன் பொருள். எனவே 12.50 என்று தேடினால் 12750-உம் அதில் அகப்படும். வாடகை பதினைந்து ரூபாயாகிவிடும்! புள்ளியைப் புள்ளியாகவே கொள்ள, அதன்முன் பின்சாய்கோடு இட்டு 12\.50 என எழுதுதல் வேண்டும்.

இத்துடன் தொல்லை தீர்ந்ததா? இல்லை. நாம் எழுதுவதை இருவர் படிக்கின்றனர். முதலில் படிப்பது கட்டளை மொழி. பின்னர்ப் படிப்பது தேடும் பகுதி. "12\.50" என இரட்டை மேற்கோளுள் எழுதினால், முன்னவரே பின்சாய்கோட்டை விழுங்கிவிடுகிறார். பின்னவர்க்குக் கிட்டுவது பழைய 12.50 தான். பிழை என்று எச்சரிக்கையும் வாராது; கணக்கு மட்டும் கெடும். '12\.50' என ஒற்றை மேற்கோளுள் எழுதினாலோ, உள்ளது உள்ளவாறே சென்று சேரும். இரட்டை மேற்கோளே வேண்டுமாயின் "12\\.50" எனச் சாய்கோட்டை இருமுறை இடுக.

இன்னொன்றும் கருதுக. 312.50 என்பதனுள்ளும் 12.50 ஒளிந்திருக்கிறதன்றோ? சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து '\<12\.50\>' என்று எழுதினால் அக்குறையும் நீங்கும்.

இத்தகைய கோவைகளின் இலக்கணத்தைக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளேனி 1956-இல் வெளியிட்டார். அதனைக் கொண்டு உரையில் விரைந்து தேடும் முறையைக் கென் தாம்சன் 1968-இல் விளக்கினார். கருவி பல மாறினும் அடிப்படை அதுவே.

ஆகவே, தேடற் கோவையை ஒற்றை மேற்கோளுள் எழுதுக. முதலில் தேடிப் பார்த்து, பின்னரே மாற்றுக.

பயிற்சி: சைனிக்புரியின் அஞ்சல் எண் 500094. [0-9] என்பது ஏதேனும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும். 500 எனத் தொடங்கும் ஆறிலக்க எண்களை மட்டும் கண்டெடுக்கும் கோவை ஒன்று அமைக்க.