அண்டப் பகுதியும் ஆவுடையும்

அண்டப் பரப்பையும் அதனைக் கடந்த பொருளையும் கலையாற் காட்டுதல் கூடுமோ? புதுக்கோட்டை மாவட்டத்துத் திருப்பெருந்துறை, மக்கள் வழக்கில் ஆவுடையார்கோயில், இவ்வினாவிற்கு விடையாய் நிற்றலை யாம் காண்கின்றோம்.

இத்தலத்தே ஆட்கொள்ளப்பெற்ற மணிவாசகப் பெருமான் திருவண்டப்பகுதியில் நூறு கோடிக்கு மேற்பட்ட அண்டங்களை விரித்து, இறைவன் பெருமைமுன் அவை மனையுட் புகுந்த வெயிலில் மிதக்கும் துகளாய்ச் சிறுகுமாறும் பாடினார். 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி வானத்துச் சிற்றிடமொன்றைப் பத்து நாள் நோக்கி, ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்களைப் படமாக்கிற்று. அப்படங் கண்டார்க்கு அடிகள் உவமை மிகையாகத் தோன்றாது. ஆயினும் எத்துணை விரியினும் அண்டம் மாயையின் காரியமே. எண்ணில் அடங்காமை வேறு. அறிவில் அடங்காமை வேறு.

பின்னதைக் காட்டுவது இக்கோயிலின் கருவறை. இங்குள்ள கொடுங்கைகளிற் கருங்கல்லை மரச்சட்டமும் ஆணியும் போல இழைத்துள்ளனர். ‘ஆவுடையார்கோயிற் கொடுங்கை நீங்கலாக’ என விலக்கியே பிற்காலச் சிற்பியர் வேலைக்கு உடன்படுவர் என்பது வழக்கு. அத்துணைத் திறன் விளங்கும் கோயிலில் ஆன்மநாதர்க்கு உருவமில்லை, இலிங்கமுமில்லை. ஆவுடை மட்டுமே உண்டு. யோகாம்பிகைக்குத் திருவடிகளே. நந்தியும் கொடிமரமும் இல.

இதனைச் சூனியமென்பார் கூற்றுப் பொருந்தாது. இல்லாதார்க்கு இருக்கை இடுவார் யாவர்? வெற்றறையாய் விட்டிருப்பின் அவ்வையம் எழுதல் கூடும். ஆவுடை சத்தியின் வடிவு. சத்தி உள்வழிச் சிவம் இன்றாதல் இல்லை. பசுஞான பாசஞானங்கட்கு எட்டாத பதியாதலின் உளி அங்கே நின்றது. பதிஞானத்தால் உணர்வார்க்கு அவ்விடம் வெறுமையன்று. நிவேதனமும் அம்முறையிற்றே: புழுங்கலரிசி அன்னத்தைச் சுடச்சுடக் கல்மேற் குவிப்பர், இறைவற்கு ஆவதோ அதனின்று எழும் ஆவி.