அன்றாட நடமாட்டத்தை அளக்கும் மணிக்கட்டுக் கருவி: தேர்ந்தெடுக்கும் முறை

பெங்களூரின் தென்கிழக்கே உள்ள ஈஜிபுராச் சந்திப்பிலிருந்து, மத்திய அரசின் அலுவலகங்கள் பல இயங்கிவரும் கோரமங்கலா கேந்திரிய சதன் வரையுள்ள தொலைவு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டராகும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் இத்தொலைவை 30 நிமிடத்தில் கடந்துவிடலாம். வாரத்தில் ஐந்து நாள், ஒரு வழி மட்டும் நடந்தாலும் 150 நிமிடங்கள் ஆகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளில், வயது வந்தோர் வாரந்தோறும் மிதமான உடலுழைப்பில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை ஈடுபட வேண்டுமெனக் கூறியுள்ளது. ஆகவே, ஈஜிபுராவில் வசித்துக் கேந்திரிய சதனில் பணிபுரியும் ஓர் எழுத்தர், அலுவலகம் செல்லும் வழியிலேயே அந்தக் குறைந்த அளவை எட்டிவிட முடியும்.

ஆயினும் நம் நாட்டில் பெரும்பாலோர் இவ்வளவு கூட நடப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்தப்பெற்று, 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, 54.4 சதவிகிதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். நீரிழிவும் இருதய நோயும் பெருகிவரும் இக்காலத்தில் இது கவலைக்குரிய செய்தியாகும். இக்குறையைப் போக்கத் துணைபுரியும் சாதனமாக, ‘ஃபிட்னஸ் பேண்டு’ எனக் கடைகளில் வழங்கும் மணிக்கட்டுக் கருவி பரவலாக விற்பனையாகிறது. இதனை எங்ஙனம் தேர்ந்தெடுப்பது, இது காட்டும் எண்களில் எவற்றை நம்பலாம், எவற்றை நம்பலாகாது என்பன இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

கருவி வேலை செய்யும் விதம்

பழைய நடைமானி இடுப்பில் அணியப்பட்டது. அதனுள் ஒரு சிறு நெம்புகோல் சுருள்வில்லில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் இடுப்பு மேலும் கீழும் அசைவதால் நெம்புகோல் ஒருமுறை ஆடும்; எண்ணிக்கை ஒன்று கூடும்.

இக்காலக் கருவியில் நெம்புகோலுக்குப் பதிலாக முடுக்கமானி அமைந்துள்ளது. சிலிக்கனில் செதுக்கப்பட்ட மிக நுண்ணிய எடைத்துண்டு ஒன்று நுண்ணிய விற்களில் பிணைக்கப்பட்டிருக்கிறது. கை அசையும்போது அத்துண்டு சற்றே இடம் பெயர்கிறது. அதனால் அருகிலுள்ள தகடுகளுக்கிடையே மின்தேக்குத் திறன் மாறுகிறது. இம்மாறுதல் மூன்று திசைகளிலும் நொடிக்குப் பலமுறை அளக்கப்படுகிறது. சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் அசைவுகளைக் கருவியிலுள்ள கணிப்பு முறை ‘அடி’ எனக் கொள்கிறது.

இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது யாதெனில், கருவி காலை அளப்பதில்லை. கையை அளந்து, காலைப் பற்றி ஊகிக்கிறது. இக்கருவியின் பயனும் பிழையும் பெரும்பாலும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறக்கின்றன.

பத்தாயிரம் அடி என்னும் எண்

நாளொன்றுக்கு 10,000 அடி நடக்க வேண்டுமென்பது பலருடைய நம்பிக்கை. இவ்வெண் ஆராய்ச்சியின் முடிவாகப் பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களுக்கு அடுத்த ஆண்டாகிய 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று ‘மன்போ-கெய்’ என்னும் நடைமானியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பது அப்பெயரின் பொருள். விற்பனைப் பெயர் நாளடைவில் சுகாதார விதியாகக் கருதப்படலாயிற்று.

பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் இதனினும் எளிய இலக்கைக் காட்டுகின்றன. சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களை ஆராய்ந்து அமெரிக்காவில் 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரை விட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு விகிதம் 41 சதவிகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் காணப்படவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வெளியிடப்பட்ட மற்றோர் அறிக்கையும், 2,000 அடி நடப்போருடன் ஒப்பிடுகையில் 7,000 அடி நடப்போருக்கு இறப்பு அபாயம் 47 சதவிகிதம் குறைவெனக் கூறுகிறது. நோயுற்றோர் இயல்பாகவே குறைவாக நடப்பர் என்பதையும் இங்கே கருத்திற்கொள்ள வேண்டும். எனினும், சிறிதளவே நடப்பவர் இன்னும் சிறிது நடந்தாலும் நன்மையுண்டு என்பது தெளிவு. பத்தாயிரத்தை எட்ட இயலாதெனச் சோர்ந்து நடையையே கைவிடும் முதியவருக்கு ஊழியர் எடுத்துரைக்க வேண்டிய செய்தி இதுவே.

நம்பத்தக்க எண்களும் நம்பத்தகாத எண்களும்

கருவி காட்டும் எண்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல.

அடி எண்ணிக்கை: கைகளை வீசிச் சாதாரணமாக நடக்கும்போது இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

தொலைவு: செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதி இல்லாத கருவி, அடி எண்ணிக்கையைக் காலடி நீளத்தால் பெருக்கித் தொலைவைக் கூறுகிறது. காலடி நீளம் 70 சென்டிமீட்டராயின் ஈஜிபுராவிலிருந்து கேந்திரிய சதன் வரை ஏறத்தாழ 3,570 அடிகள். 60 சென்டிமீட்டராயின் ஏறத்தாழ 4,170 அடிகள். ஆகவே உயரம் குறைந்தவருக்கும் கூடியவருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. காலடி நீளத்தைப் பதிவு செய்ய இடமளிக்கும் கருவியே மேல்.

நாடித் துடிப்பு: கருவியின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலின்மேல் பாய்கிறது. இரத்தம் அவ்வொளியை உறிஞ்சும் தன்மையுடையது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால் திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறைகிறது. ஓய்விலும் சீரான நடையிலும் இம்முறை நன்கு பயன்படும். பட்டை தளர்ந்திருந்தாலும், கை வேகமாக அசைந்தாலும், தோலில் பச்சை குத்தியிருந்தாலும் பிழை நேரும்.

செலவான கலோரி: இதுவே மிகவும் ஐயத்திற்குரியது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் ஆறு கருவிகள் நாடித் துடிப்பை 5 சதவிகிதப் பிழைக்குள் அளந்தன. ஆனால் கலோரியைக் கணிப்பதில் மிகச் சிறந்த கருவியின் பிழையே 27 சதவிகிதம். மிக மோசமான கருவியின் பிழை 93 சதவிகிதம்.

இப்பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நீரிழிவுள்ள ஒருவர் காலையில் நடந்து ஏறத்தாழ 100 கலோரி செலவிட்டதாகக் கொள்வோம். கருவி 190 எனக் காட்டினால், அதை நம்பி அவர் கூடுதலாக இரண்டு இட்லிகள் உண்ணக்கூடும். நாள்தோறும் இவ்வாறு நடந்தால், உடலைக் காக்க வாங்கிய கருவியே அதற்கு ஊறு செய்ததாகும். கருவி காட்டும் கலோரியைக் கொண்டு உணவையோ மருந்தையோ கூட்டவும் குறைக்கவும் கூடாது. அதற்கு மருத்துவரின் ஆலோசனையே வழி. இரத்த ஆக்ஸிஜன் போன்ற பிற எண்களையும் நோயறிவதற்கான சான்றாகக் கொள்ளலாகாது.

வாங்குமுன் சோதிக்கும் முறை

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து 1961இல் கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைத்த நகரம் பெங்களூர். அக்காலத்தில் கைக்கடிகாரம் வாங்கியவர், வானொலியில் ஒலிக்கும் நேரக் குறிப்போடு அதனை ஒத்துப் பார்த்துக்கொள்வார். அடி எண்ணும் கருவிக்கு அத்தகைய குறிப்பு எது? அணிபவர் தம் வாயால் எண்ணும் எண்ணிக்கையே அது. கடையிலோ, திருப்பித் தரும் கெடுவுக்குள் வீட்டிலோ, கீழ்க்கண்ட நான்கு சோதனைகளையும் செய்தல் நலம்.

1. கைகளை வீசி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே 200 அடி நடக்க வேண்டும். கருவியின் கணக்கு 190க்கும் 210க்கும் இடையே இருந்தால் போதுமானது.

2. ஒரு கையில் பையையோ குடத்தையோ பற்றிக்கொண்டு அதே 200 அடி நடக்க வேண்டும். கருவி அணிந்த கையே சுமக்கும் கையாக இருக்கட்டும்.

3. உட்கார்ந்த இடத்திலிருந்து பத்து நிமிடம் துணி துவைக்கவோ மாவு பிசையவோ வேண்டும். அடி எண்ணிக்கை அநேகமாக மாறாதிருத்தல் வேண்டும்.

4. பேருந்தில் அமர்ந்து மேடுபள்ளமான சாலையில் கால்மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். இப்போதும் எண்ணிக்கை கூடலாகாது.

ஒவ்வொன்றையும் மும்முறை செய்து சராசரி காண வேண்டும். பல கருவிகள் முதல் சில அடிகளை உடனே காட்டுவதில்லை. ஆகையால் நடந்து நின்றபின் ஒரு நிமிடம் கழித்தே எண்ணைப் படித்தல் வேண்டும்.

கணக்கில் வராத உழைப்பு

இரண்டாம் சோதனையில் பல கருவிகள் தவறிவிடும். அதன் காரணத்தை ஊழியர்கள் நன்கு உணர வேண்டும். ஈஜிபுராத் தெருக்களில் விடியற்காலையில் குப்பை வண்டி தள்ளிச்செல்லும் துப்புரவுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய இரு கைகளும் வண்டியின் பிடியிலேயே இருக்கின்றன. கால்கள் நடக்கின்றன, கைகள் வீசப்படுவதில்லை. மணிக்கட்டுக் கருவி அவருடைய அடிகளுள் பலவற்றை எண்ணாமல் விட்டுவிடும். குடிநீர்க் குடம் சுமந்து மாடியேறும் பெண்ணின் நிலையும் இதுவே. அன்றியும், சுமையைத் தள்ளும் உழைப்பையோ மாடியேறும் உழைப்பையோ அடி எண்ணிக்கை எடுத்துக்காட்டாது.

கருவியிலுள்ள எண்ணை மட்டும் பார்த்து, “நீங்கள் போதிய அளவு நடப்பதில்லை” என்று இத்தகையோரிடம் கூறும் ஊழியர், தவறான அறிவுரை கூறியவராவார். உழைப்பவரின் மனத்தையும் புண்படுத்தியவராவார். அதன்பின் அவர் கூறும் நல்ல அறிவுரையும் செவியேறாது. எனவே முதலில் அன்றாட வேலைகளைக் கேட்டறிந்து, பின்னரே எண்ணைப் பார்க்க வேண்டும். கைகளால் சுமந்தும் தள்ளியும் வேலை செய்வோருக்கு, இடுப்பில் செருகும் நடைமானியே பெரிதும் பொருத்தமானது, விலையும் குறைவு.

பிற அம்சங்கள்

மின்கலம்: பெரிய வண்ணத் திரையும் பல வசதிகளும் உடையவை ஓரிரு நாட்களிலேயே மின்னேற்றம் கோரும். எளிய பட்டைகள் ஒரு வாரமோ அதற்கு மேலோ தாங்கும். அடிக்கடி கழற்ற நேரும் கருவி விரைவில் மேசையறையிலேயே தங்கிவிடும்.

நீர்க்காப்பு: ‘5 ஏ.டி.எம்.’ என்னும் குறி, 50 மீட்டர் ஆழத்து நீர் அசைவின்றித் தரும் அழுத்தத்தைக் கருவி தாங்குமென்பதைக் குறிக்கும். அவ்வளவு ஆழத்தில் மூழ்கலாம் என்பது பொருளன்று. மழையிலும் வியர்வையிலும் வேலை செய்யும் வெளிக்கள ஊழியருக்கு இக்குறியுள்ள கருவி ஏற்றது.

பட்டையும் திரையும்: முதியோருக்குப் பெரிய எண்களும் எளிதில் மாட்டக்கூடிய கொக்கியும் தேவை. பட்டைக்கடியில் ஈரம் தங்கினால் தோலில் அரிப்பு உண்டாகும். நாள்தோறும் கழற்றித் துடைத்து உலர்த்த வேண்டும்.

தரவு: கருவி சேகரிக்கும் விவரங்கள் செல்பேசி வழியாக நிறுவனத்தின் கணினிகளைச் சென்றடைகின்றன. ஸ்ட்ராவா என்னும் செயலி வெளியிட்ட நடமாட்ட வரைபடம், பல நாட்டு இராணுவ முகாம்களின் இருப்பிடத்தைப் புலப்படுத்தியது 2018இல் தெரியவந்தது. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனினும், இருப்பிடத்தைப் பகிரும் வசதியை முதல் நாளே நிறுத்திவைப்பது உபயோகிப்போரின் பொறுப்பாகும். செல்பேசியின்றியே அடி எண்ணிக்கையைக் காட்டும் கருவி கிடைப்பின் அது விரும்பத்தக்கது.

ஆசிரியர்களுக்கான செய்முறை

பள்ளி மைதானத்தில் நாடாவால் 100 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் சுண்ணாம்புக் கோடு இடுக. மாணவர் ஒவ்வொருவரும் இயல்பான நடையில் அதனைக் கடந்து, தம் அடிகளை எண்ணுவாராக. 100 மீட்டரை அடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் காலடி நீளம் கிடைக்கும். உதாரணமாக, 143 அடிகள் ஆயின் காலடி நீளம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். பின்பு வகுப்புக்கு ஒரு கருவியைக் கொண்டு மேற்கூறிய சோதனைகளுள் முதலிரண்டையும் செய்து, முடிவுகளைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதுக. இரு முடிவுகளும் வேறுபடுவது ஏன் என மாணவரையே காரணம் கூறச் செய்க. அளவுகருவி எதுவாயினும், அது எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது எனக் கேட்கும் பழக்கம் இளமையிலேயே வேரூன்ற இப்பயிற்சி உதவும்.

சுருக்கம்

அணிபவரின் வேலை எத்தகையதென முதலில் அறிக. அதற்கேற்ற எளிய கருவியைத் தேர்க. தம் வாயால் எண்ணிச் சோதித்தபின் வாங்குக. ஒரே கருவியை ஒரே கையில் அணிந்து, சென்ற வாரத்தின் சராசரியோடு இவ்வாரத்தின் சராசரியை ஒப்பிடுக. அயலாரின் எண்ணோடு ஒப்பிடுதல் வேண்டாம். கலோரிக் கணக்கைப் பொருட்படுத்தற்க. நடக்கையில் நெஞ்சு வலியோ மயக்கமோ தோன்றின், கருவி எதைக் காட்டினும் உடனே நின்று மருத்துவரை நாடுக. கருவி நடப்பதை நினைவூட்டும். நடக்க வேண்டியது மனிதனே.