மண்ணால் எழுந்த அரண்

கோட்டை என்றதும் செஞ்சியும் வேலூரும் நம் நினைவுக்கு வருகின்றன. கருங்கல் மதிலும் ஆழ்ந்த அகழியும் இல்லாத ஒன்றைக் கோட்டையென ஏற்க மனம் தயங்குகிறது. ஆயினும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் அடையும் வாசுதேவநல்லூரில், மண்ணாலான சிற்றரண் ஒன்று பீரங்கிப் படையைத் தடுத்து நிறுத்தியது.

அது நெற்கட்டும்செவல் பாளையக்காரர் புலித்தேவருக்கு உரியது. அதன் அமைப்பை நமக்கு விளக்குபவர் தமிழ்ப் புலவர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியரான இராபர்ட் ஓர்ம். ஊர்ப்பெயரை 'வாஷினெலூர்' எனச் சிதைத்து எழுதிய அவர், கோட்டையின் அளவுகளைக் கருத்துடன் குறித்திருக்கிறார். நீளம் 650 கெசம். அகலம் 300 கெசம். மதில் மண்ணே, எனினும் செங்கல்லுக்கு நிகரான உறுதி வாய்ந்தது. அகழி கிடையாது. நான்கு மூலைகளிலும் சதுரமான பெருங்கொத்தளங்கள். அவற்றினிடையே சிறியவை பல. ஒவ்வொரு கொத்தளமும் கைப்பிடிச் சுவர் சூழ்ந்த தனி அரணாகும். அதன்மீது ஏறும் செங்குத்தான சரிவின் அகலம் இரண்டடியே. ஆகவே, பகைவர் மதிலைக் கடந்து உள்ளே புகுந்தாலும் ஒருவர்பின் ஒருவராகவே ஏற இயலும். மேலிருப்போர் கோட்டையின் உட்புறத்தையும் நோக்கிச் சுட இயலும். கட்டியவரின் நுண்ணறிவு இவ்விரண்டடியில் விளங்குகிறது.

கல்மதிலில் மோதும் குண்டு அதனைப் பிளந்து சரிக்கும். திண்ணிய மண்மதிலிலோ அது புதைந்து அடங்கும். உடைந்த பகுதியை அடைப்பதற்கும் அருகிலுள்ள மண்ணே போதும். மேற்குத் தொடர்ச்சி மலையும் அடர்ந்த காடும் அருகிலேயே அமைந்தன. மலையையும் காட்டையும் அரணின் உறுப்புகளாக வள்ளுவர் கொண்டதும் இங்கு எண்ணத்தக்கது.

1759 டிசம்பரில் யூசுப்கான் திருவிதாங்கூர்ப் படையின் துணையோடு இக்கோட்டையைத் தாக்கினார். முற்றுகைக்கு வெளியிலிருந்து புலித்தேவர் திருவிதாங்கூர்ப் பாசறையின்மீது பாய்ந்தார். தாக்குதல் தோற்றது. எனினும், 1761இல் யூசுப்கானே புலித்தேவரின் கோட்டைகளைக் கைப்பற்றினார்.

1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின், பாளையக்காரர்கள் தம் கோட்டைகளை இடித்துவிட வேண்டுமென மேஜர் பானர்மேன் ஆணையிட்டார். கற்கோட்டையை இடித்தால் கல்லேனும் எஞ்சும். மண்கோட்டையோ மழையில் கரைந்து, தான் எழுந்த நிலத்தோடு கலந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கரின் மாளிகையை நாம் இன்றும் நேரில் காண்கிறோம். வாசுதேவநல்லூர்க் கோட்டையின் இரண்டடிச் சரிவை அறிய, அதனை எதிர்த்தோர் தரப்பின் நூலையே புரட்ட வேண்டியிருக்கிறது.